மகன் 3எக்ஸ் + 5 = 8எக்ஸ் என்று எழுதுகிறான், எப்படிப் புரியவைப்பது?

தையல்கடை, திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டின் முன்னறையில் ப்ளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை, தமிழ் வழியில். மகன் ஏழாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவனை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றினோம்.

வாய்க்கணக்கில் அவன் கெட்டிக்காரன். ஒரு ப்ளவுஸ் தைக்க 180 ரூபாய், லைனிங் வைத்தால் 60 கூட. ஏழு ப்ளவுஸ், அதில் நாலுக்கு லைனிங் என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால், நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவதற்குள் "1,500ம்மா" என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் இயற்கணிதம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

போன வாரம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. தவறு ஒரே மாதிரிதான்:

3எக்ஸ் + 5 = 8எக்ஸ்
7எக்ஸ் − 2 = 5எக்ஸ்
4 + எக்ஸ் = 4எக்ஸ்

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "கூட்டல் குறி போட்டிருக்கு, கூட்டாம எப்படி விடுறது? விடைன்னா ஒண்ணாத்தானே வரணும்?" என்றான். நான் படிக்கும்போது சொன்னது ஞாபகம் வந்து, "மூணு ஆப்பிளும் அஞ்சு ஆரஞ்சும் சேர்ந்தா எட்டு ஆப்பிள் ஆகுமா?" என்று கேட்டேன். "எட்டுப் பழம் ஆகும்" என்றான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் அவனே ஒரு கேள்வி கேட்டான். முதல் கணக்கில் எக்ஸ் 4 என்று விடை வந்தது, அடுத்ததில் 7 என்று வந்தது, அப்படியென்றால் எக்ஸ் எவ்வளவு? வகுப்பில் கேட்டதற்கு "அது ரூல், அப்படியே போடு" என்று பதில் கிடைத்ததாம். ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அவன் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். மூன்று நாளாக அதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ட்யூஷனுக்கு அனுப்ப இப்போது வசதி இல்லை. நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.


பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு:

அக்கா, இதற்கு ஒத்த உறுப்புகள், மாறுபட்ட உறுப்புகள் என்று பாடம் இருக்கிறது. ஒரே மாறி, ஒரே படி இருந்தால்தான் கூட்ட முடியும். 3எக்ஸ், 5எக்ஸ் இரண்டும் ஒத்த உறுப்புகள், கெழுக்களை, அதாவது எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண்களை மட்டும் கூட்டினால் 8எக்ஸ். 3எக்ஸ், 5 இரண்டும் மாறுபட்டவை, அப்படியே விட்டுவிட வேண்டும். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எக்ஸ் உள்ளதை நீல மையிலும் வெறும் எண்ணைக் கறுப்பு மையிலும் எழுதச் சொல்வேன். ஒரே நிறத்தை மட்டும் சேர்க்கலாம் என்று சொன்னால் தவறு குறைந்துவிடும்.


தீக்குச்சி வாத்தியார், சாத்தூர்:

அம்மா, "எட்டுப் பழம் ஆகும்" என்று உங்கள் மகன் சொன்னது சரியான பதில். ஆப்பிளையும் ஆரஞ்சையும் கொண்டுபோய் முன்னால் வைத்தால், யோசிக்கிற பிள்ளை அப்படித்தான் சொல்லும். 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு, ஏழாம் வகுப்புகளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவேன், எக்ஸ் முதன்முதலில் வந்து நிற்கிற இடம் அது என்பதால். அங்கே இடறிய பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை நொண்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன்.

மேலே தங்கை சொன்ன இரண்டு நிற மை நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் மகன் "ஏன்" என்று கேட்கிறான். நிறம் வேறு என்பதால் கூட்டக்கூடாது என்றால், அதையும் இன்னொரு ரூலாகத்தான் எடுத்துக்கொள்வான்.

பழத்தில் உள்ள கோளாறு இதுதான்: எழுத்து ஒரு பொருளுக்குப் பெயர் என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. எக்ஸ் என்பது ஆப்பிள் இல்லை. ஆப்பிளின் எண்ணிக்கையாக இருக்கலாம், விலையாக இருக்கலாம், எடையாக இருக்கலாம். எப்போதும் அது ஓர் எண். இன்று ராத்திரி அவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு ப்ளவுஸுக்கு 5 கொக்கி. ப்ளவுஸின் எண்ணிக்கை ப, கொக்கியின் எண்ணிக்கை க. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுது.

ப = 5க என்று எழுத வாய்ப்பு அதிகம். "ஒரு ப்ளவுஸுக்கு அஞ்சு கொக்கி" என்பதை அப்படியே குறியில் எழுதுகிறார்கள், ப என்றால் ப்ளவுஸ், க என்றால் கொக்கி என்று. அதட்ட வேண்டாம். "நாலு ப்ளவுஸுக்கு எத்தனை கொக்கி?" என்று கேளுங்கள். 20 என்பான். "சரி, நீ எழுதியதில் க இருக்கிற இடத்தில் 20 போட்டுப் பார்" என்று சொல்லுங்கள். 100 ப்ளவுஸ் என்று வரும். அவனே க = 5ப என்று திருத்துவான்.

போட்டுப் பார். வகுப்பில் நான் அதிகம் சொன்ன சொல் இதுதான். பாடப்புத்தகத்தில் பிரதியிடுதல் என்று இருக்கும். எக்ஸ் ஓர் எண் என்றால், அந்த இடத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா? போட்டுப் பார்த்தால் கணக்கே சரியா தவறா என்று சொல்லிவிடும், சிவப்பு மைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் கொக்கி இருக்கும். பழைய பேப்பரைக் கிழித்து, அவனுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் 5 கொக்கி வைத்து மூன்று பொட்டலம் கட்டுங்கள். எல்லாப் பொட்டலத்திலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், அது முக்கியம். பக்கத்தில் 5 கொக்கியைச் சும்மா வையுங்கள். "பொட்டலத்தில் எத்தனை இருக்கிறது என்று தெரியாது, எக்ஸ் என்று வைத்துக்கொள். இங்கே மொத்தம் எத்தனை கொக்கி?" அவன் 3எக்ஸ் + 5 என்பான். "8எக்ஸ் என்றால் எட்டுப் பொட்டலம் இருக்க வேண்டுமே, எங்கே மீதிப் பொட்டலம்?" என்று கேளுங்கள். அப்புறம் மொத்தம் 20 என்று சொல்லி, பிரிக்காமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்த பிறகு பிரித்து எண்ணட்டும்.

"விடை ஒன்றாகத்தானே வர வேண்டும்" என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவரை அவன் போட்ட எல்லாக் கணக்கிலும் கடைசியில் ஒற்றை எண் வந்தது. இப்போது கூட்டல் குறி உள்ளேயே நிற்கிறது, வேலை பாதியில் நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. உங்கள் கடையில், புடவைக்கு பிகோ அடிக்க 50, அதோடு தருகிற ப்ளவுஸ் ஒவ்வொன்றுக்கும் 180 என்று பலகை எழுதி மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். எத்தனை ப்ளவுஸ் வரும் என்று தெரியாமலேயே விலையைச் சொல்லிவிட்டீர்கள்: 180எக்ஸ் + 50. அது முடிந்த விடை. அதைச் சுருக்குகிறேன் என்று 230எக்ஸ் என்று எழுதினால், ஐந்து ப்ளவுஸ் கொண்டுவந்தவரிடம் 950 வாங்க வேண்டிய இடத்தில் 1,150 கேட்பீர்கள். இப்படி எழுதியதற்குக் கோவை என்று பெயர். அதை ஓர் எண்ணுக்கோ இன்னொரு கோவைக்கோ சமம் என்று சொல்லும்போதுதான் சமன்பாடு ஆகிறது.

எக்ஸ் ஒரு கணக்கில் 4, இன்னொன்றில் 7 என்பதும் இதே கதைதான். இன்று வந்தவர் நாலு ப்ளவுஸ் கொண்டுவந்தார், நாளை வருபவர் ஏழு கொண்டுவருவார். பலகை மாறவில்லை.

என் பெயரில் தீக்குச்சி இருப்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஊருக்கு ஊர் தீப்பெட்டி ஆபீஸ். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் அங்கேதான் வேலைக்குப் போனார்கள். மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒரு கை கொண்டுவாருங்கள் என்றால் மறுநாள் மேசை நிறைந்துவிடும். நாலு குச்சியில் ஒரு சதுரம். அதை ஒட்டி இன்னொரு சதுரம் வைக்க மூன்று குச்சி போதும். ஆக 4, 7, 10, 13. பத்துச் சதுரத்துக்கு எத்தனை என்றால் அடுக்கிப் பார்த்துச் சொல்வார்கள். நூறு சதுரத்துக்கு எத்தனை என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சார், முதல்ல ஒரு குச்சிய நட்டுவச்சிட்டா, அப்புறம் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூணுதான்" என்று சொல்லும். நூறு சதுரத்துக்கு 301. எத்தனை சதுரமானாலும் 3எக்ஸ் + 1. அந்த ஒற்றைக் குச்சியை 4எக்ஸ் என்று உள்ளே தள்ளிவிட எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது, அது தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

முதலில் பொட்டலம், அப்புறம் குச்சி. இரண்டையும் செய்துவிட்டு எழுதுங்கள்.


தையல்கடை, திருப்பூர்:

ஐயா, நேற்று ராத்திரி கடையை எடுத்துவைத்த பிறகு உட்கார்ந்தோம். நீங்கள் சொன்னது போலவே ப = 5க என்று எழுதினான். 100 ப்ளவுஸ் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எதுவும் பேசாமல் அழித்து மாற்றினான்.

பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தான். 20 என்று சொன்னதும் சும்மா இருந்த 5 கொக்கியைக் கையால் தள்ளி ஒதுக்கினான். "பதினஞ்ச மூணா பிரிச்சா அஞ்சு" என்றான். பொட்டலத்தைப் பிரித்து எண்ணியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் ஐந்து பொட்டலம் கட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தானே கணக்குச் சொல்லி விளையாடினான். மணி பத்தரை ஆகிவிட்டது.

ஆனால் மூன்று இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று. 3எக்ஸ் + 5, 8எக்ஸ் இரண்டிலும் எண்ணைப் போட்டுப் பார் என்றேன். எடுத்த எடுப்பில் 1 போட்டான். இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கமும் 8. "சரியாத்தானே வருது?" என்றான்.

இரண்டு. 2எக்ஸ் என்பதில் எக்ஸுக்கு 7 போடு என்றால் 27 என்று எழுதுகிறான்.

மூன்று. எக்ஸ் + 2 = 10 என்றால் 8 என்று சரியாகச் சொல்கிறான். 2எக்ஸ் = 10 என்றாலும் 8 என்கிறான். "2 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும், அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்கிறான்.


பழைய ஏடு, கும்பகோணம்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஓலைச்சுவடியும் பழைய கணக்கு முறையும் படிப்பது எனக்குப் பிடித்த வேலை, அங்கே இதற்கு ஒரு வழி இருக்கிறது.

பையன் 27 என்று எழுதுவதில் நியாயம் உண்டு. இன்றைய எண் முறையில் 2-க்குப் பக்கத்தில் 7 வைத்தால் இருபத்தேழுதான். நம் பழைய தமிழ் எண்களில் அப்படி இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறி உண்டு. முன்னால் நிற்கிற எண் பெருக்கும். ௨௰ என்றால் இரண்டு பத்து, இருபது. ௩௱ என்றால் மூன்று நூறு. பெருக்கல் குறி எதுவும் நடுவில் கிடையாது. 2எக்ஸ் என்பதும் அப்படித்தான் நிற்கிறது.

குறி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சிலேயே இருக்கிறது. முந்நூறு என்றால் மூன்று நூறு. 3எக்ஸ் என்றால் மூன்று எக்ஸ். இதையே உங்கள் முதல் கேள்விக்கும் பயன்படுத்தலாம். முந்நூற்று ஐந்து என்பதை யாராவது எண்ணூறு என்பார்களா? மூன்று நூறும் ஐந்தும் சேர்ந்து எட்டு நூறு ஆகாது. எக்ஸ் நூறாக இருந்தால் 3எக்ஸ் + 5 என்பது 305, 8எக்ஸ் என்பது 800. ஆனால் 3எக்ஸ் + 5எக்ஸ் என்றால் முந்நூறும் ஐந்நூறும், அது எண்ணூறுதான். பையனை 305 என்று எழுதவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.


தீக்குச்சி வாத்தியார், சாத்தூர்:

முந்நூற்று ஐந்தை எண்ணூறு என்று சொல்லாதே! இத்தனை ஆண்டு வகுப்பு எடுத்தும் எனக்கு இது தோன்றவில்லையே. கும்பகோணத்து நண்பருக்கு நன்றி. இனி பேத்திக்கு இப்படித்தான் சொல்வேன்.

27-க்கு நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: எண்ணைப் போடும்போது கட்டாயம் அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். 2எக்ஸ், எக்ஸ் = 7 என்றால் 2(7). ஒரு மாதம் இப்படிப் பழகினால் போதும், பிற்பாடு எக்ஸுக்கு −7 போடச் சொல்லும்போதும் தடுமாற மாட்டான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அம்மா, அவன் 1 போட்டது எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? 3எக்ஸ் + 5 = 8எக்ஸ் என்பது அப்பட்டமான தவறு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு இல்லை, ஒரு சமன்பாடு. அதன் தீர்வு எக்ஸ் = 1. பொட்டலத்துக்கு ஒரே ஒரு கொக்கி இருந்தால், மூன்று பொட்டலமும் ஐந்து கொக்கியும் எட்டுப் பொட்டலத்துக்குச் சமம்தான். எக்ஸ் எதுவானாலும் சமமாக இருந்தால்தான் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எழுதலாம். 3எக்ஸ் + 5எக்ஸ், 8எக்ஸ் இரண்டிலும் 1 போடட்டும், 6 போடட்டும், 100 போடட்டும், எப்போதும் ஒன்றாகவே வரும். 3எக்ஸ் + 5-இல் 2 போட்டதுமே 11, ஆனால் 8எக்ஸ் 16. இந்த வித்தியாசம் விளங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை போன பிள்ளைகள் உண்டு. அதனால் சோதிக்கும்போது 0, 1 இரண்டையும் விட்டுவிட்டு, 4, 7 என்று குறைந்தது இரண்டு எண்களைப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, "அந்தப் பக்கம் போனால்". இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை வரும். எண் எங்கும் போவதில்லை, அம்மா. காலும் இல்லை, வாசலும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே காரியத்தைச் செய்கிறோம், அவ்வளவுதான். எக்ஸ் + 2 = 10 என்றால் இரண்டு பக்கமும் 2 எடுக்கிறோம். 2எக்ஸ் = 10 என்றால் இரண்டு பொட்டலத்தில் 10, ஒரு பொட்டலத்தில் பாதி, ஆகவே இரண்டு பக்கத்தையும் 2-ஆல் வகுக்கிறோம். அவன் 8 என்று சொன்னால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 2(8) = 16, 10 இல்லை. குறுக்குவழியைப் பிறகு அவனே கண்டுபிடிப்பான், கண்டுபிடித்தால் அது அவனுடையது.

இதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கும், சோதித்துப் பாருங்கள். 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால், சமக்குறியை "விடை இதோ" என்று படிக்கிறான் என்று அர்த்தம். சரியான விடை 7. இந்தக் குறியை 1557-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் முதலில் அச்சில் போட்டார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகள், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இல்லை என்று காரணமும் எழுதினார். அதை என் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன், இரண்டு தீக்குச்சி அடுக்கிய மாதிரி இருக்கும்.

அது தெளிவாகிவிட்டால் இரண்டு பக்கமும் பொட்டலம் வைக்கலாம். பொட்டலத்துக்கு 4 கொக்கி. ஒரு பக்கம் 5 பொட்டலமும் 2 கொக்கியும், மறுபக்கம் 3 பொட்டலமும் 10 கொக்கியும். இரண்டும் சமம் என்று மட்டும் சொல்லுங்கள். 5எக்ஸ் + 2 = 3எக்ஸ் + 10. இரண்டு பக்கத்திலிருந்தும் மூன்று பொட்டலத்தை எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி தன் நூலின் தலைப்பிலேயே வைத்த இரண்டு செயல்களில் ஒன்று இது, இரு பக்கமும் உள்ளதை ஈடுசெய்து நீக்குவது. மற்றது, கழித்து நிற்பதை நிரப்பிச் சீராக்குவது, அல்-ஜபர். ஆங்கிலத்தில் இயற்கணிதத்துக்கு உள்ள பெயர் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. முறிந்த எலும்பைக் கூட்டிவைப்பதற்கும் அரபியில் அதே சொல்.

அவனுக்கு ஒரு கணக்கு கொடுத்துவைக்கிறேன். பறந்து போகிற பறவைக் கூட்டத்தைப் பார்த்துக் கிளையில் இருந்த ஒரு பறவை, "நூறு பேரும் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டதாம். "நாங்கள் நூறு இல்லை. எங்களைப் போல இன்னொரு பங்கு, எங்களில் பாதி, அந்தப் பாதியில் பாதி, அதோடு உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்றதாம் கூட்டம். எத்தனை பறவை? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கும், விடையைச் சொல்லவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.


வடமராட்சி:

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்களிடம் இயற்கணிதத்தை அட்சரகணிதம் என்பார்கள், நீங்கள் கெழு என்பதைக் குணகம் என்பார்கள். பேர்தான் வேறு, பிள்ளைகள் விடுகிற பிழை இங்கேயும் இதேதான். என்ர தம்பி தரம் 7-இல் 27 எழுதித்தான் அடி வாங்கினவன்.

அக்கா, பிள்ளை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினவர் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள். "எக்ஸை விட 4 குறைவு" என்று தமிழில் சொன்னால், காதில் விழுகிற ஒழுங்கிலேயே எழுதலாம்: எக்ஸ் − 4. "எக்ஸிலிருந்து 4-ஐக் கழிக்க" என்றாலும் அப்படியே. ஆங்கிலத்தில் "ஃபோர் லெஸ் தேன் எக்ஸ்" என்று 4 முன்னுக்கு வருகிறது. பிள்ளை 4 − எக்ஸ் என்று எழுதிவிடும். வசனக் கணக்கில் பிழைக்கிறார் என்றால், முதலில் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுதட்டும். அவருக்குத் தமிழ் வழியில் படித்த ஐந்து வருஷம் இதில் கைகொடுக்கும்.

ஏன் எக்ஸ் என்று கேட்டால்: தெரியாததற்கு எக்ஸ், வை, இசட் என்ற கடைசி எழுத்துகளை எடுக்கிற வழக்கம் 1637-இல் பிரான்ஸின் டேக்கார்ட் எழுதிய வடிவகணித நூலால் பரவியது. அதற்கு மிக முந்தி இந்தியாவில் வேறு மாதிரி எழுதினார்கள். 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் முதல் தெரியாததற்கு யா, யாவத்தாவத் என்பதன் முதலெழுத்து. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இன்னும் தெரியாதவை வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயர். உங்களிடம்தான் எல்லா நிறத்திலும் நூல்கண்டு இருக்குமே, எக்ஸ் பிடிக்கவில்லை என்றால் நீலக் கண்டு என்று வைக்கட்டும்.


தையல்கடை, திருப்பூர்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், கல்யாண ஆர்டர் ஒன்று வந்ததில் நேரமே இல்லை.

சமக்குறிக் கேள்விக்கு 12 என்றுதான் எழுதினான், ஐயா. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. 305-ஐ வாய்விட்டுப் படித்ததும், "அட, ஆமால்ல" என்று சொல்லிப் பழைய நோட்டைத் தானே எடுத்துத் திருத்தினான். இரண்டு பக்கமும் பொட்டலம் வைத்தபோது நான் பேசவில்லை. முதலில் சும்மா இருந்த கொக்கியில் இரண்டிரண்டு எடுத்தான். அப்புறம் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பொட்டலமாக மூன்று தடவை எடுத்தான். மிச்சம் இந்தப் பக்கம் 2 பொட்டலம், அந்தப் பக்கம் 8 கொக்கி. விடையைச் சொல்லவே இல்லை, நேராகப் பிரித்து எண்ணினான்.

பறவைக் கணக்கை என் அம்மா சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதை எண்ணிப் பார்த்து 36 என்று சொன்னவள்தான், எழுதிப் போட்டதில்லை. இவன் முதலில் கூட்டத்தை எக்ஸ் என்று வைத்து, பாதி, கால் என்று பின்னம் வந்ததும் நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியா வர்ற சின்னக் கூட்டத்த எக்ஸ்னு வச்சா?" என்றான். அதன்படி பாதி 2எக்ஸ், கூட்டம் 4எக்ஸ், இன்னொரு பங்கு 4எக்ஸ். எல்லாம் சேர்த்து 11எக்ஸ் + 1 = 100. எக்ஸ் 9. கூட்டம் 36. உடனே கீழே 36 + 36 + 18 + 9 + 1 என்று எழுதிப் போட்டுப் பார்த்தான். அவனுடைய அம்மிச்சிக்குப் போன் போட்டு, எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டினான்.

இன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்கிறான். 2எக்ஸ் = 7 என்றால் மூன்றரை வருகிறது. "கொக்கியப் பாதியா வெட்ட முடியாதே, அப்போ விடையே இல்லையா?" என்கிறான். என்ன சொல்ல?


தீக்குச்சி வாத்தியார், சாத்தூர்:

சின்னக் கூட்டத்தை எக்ஸ் என்று வைத்தான் பாருங்கள்! எதை எக்ஸ் என்று வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அவன் கேட்டதும் சரி. கொக்கிக் கணக்கு என்றால் 2எக்ஸ் = 7-க்கு விடை கிடையாது, அப்படி யாராவது 7 கொக்கியை இரண்டு சமமான பொட்டலமாகக் கட்டியிருக்கவே முடியாது. இனிமேல் கொக்கியை எடுத்துவைத்துவிட்டுத் துணியை எடுங்கள். ஏழு மீட்டர் லைனிங் துணியை இரண்டு சமத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். கத்திரியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், டேப்பை அவன் கையில் கொடுங்கள்.